நீர் மாத்திரைகளை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் போதிய ரத்தத்தை இறைக்க இயலாத நிலை, உள்ளவரின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் ஒரு நீர் மாத்திரையாவது இருக்கும். இரண்டு மூன்று இருப்பதும் உண்டு. கால் வீக்கமும் இரவில் படுத்தால் வரும் மூச்சுத் திணறலும் குறைவது இவற்றால்தான் என்பதால், வீட்டில் உள்ளவர்கள் மற்ற மாத்திரைகளைவிட இவற்றைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள், ஒப்பிடுகிறார்கள், சில வேளைகளில் தாமாகவே மாற்றியும் விடுகிறார்கள். தவறுகள் பெரும்பாலும் அந்த ஒப்பீட்டில்தான் தொடங்குகின்றன.

முதல் தவறு, அட்டையில் உள்ள மில்லிகிராம் எண்ணை வைத்து வீரியத்தை எடைபோடுவது. "அடுத்த வீட்டு அண்ணாச்சிக்கு இருபதுதான், எனக்கு மட்டும் ஏன் நாற்பது?" என்ற கேள்விக்குப் பதில் எளிது. வாய்வழி எடுக்கும் ஃபுரோசெமைடு 40 மி.கி., டார்செமைடு 20 மி.கி., புமெட்டனைடு 1 மி.கி. ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்பவை. ஊசிக்கும் மாத்திரைக்கும் இடையிலும் இதே சிக்கல் உண்டு. ஊசியாக ரத்தக் குழாய் வழியே செல்லும் 20 மி.கி. ஃபுரோசெமைடு சுமார் 40 மி.கி. மாத்திரைக்குச் சமம் என்பதால், வார்டில் போட்ட ஊசியின் எண்ணையும் வீட்டுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையின் எண்ணையும் அருகருகே வைத்து, மருந்து கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று நோயாளி முடிவு செய்வது பிழையாகவே முடியும்.

எண்ணைவிடப் பெரிய ஆபத்து, வகையைக் கவனியாமல் விடுவது. கடையில் லாசிக்ஸ் இல்லாத நாளில், "இது லாசிலாக்டோன், ரெண்டும் நீர் மாத்திரதான் அண்ணாச்சி, தைரியமா போடுங்க" என்று கொடுத்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு அதிலேயே அச்சாகியிருக்கும். லாசிக்ஸில் இருப்பது ஃபுரோசெமைடு மட்டுமே. லாசிலாக்டோன் 50 என்பதிலோ ஃபுரோசெமைடு 20 மி.கி.யோடு ஸ்பைரோனோலாக்டோன் 50 மி.கி.யும் சேர்ந்திருக்கிறது. முன்னது உடலிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. பின்னதில் கூடச் சேர்ந்திருக்கும் மருந்தோ பொட்டாசியத்தை உடலில் தேக்கி வைக்கிறது. பொட்டாசியம் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் இதயத்துடிப்பு தாறுமாறாகும். டார்செமைடு அடங்கிய டைடார், டைடார் பிளஸ் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: பெயரின் பின்னால் வரும் அந்த ஒரு சொல், இன்னொரு மருந்து உள்ளே இருக்கிறது என்பதைக் குறிக்கிறது.

உணவு அறிவுரையும் இங்கேதான் தலைகீழாகிறது. ஃபுரோசெமைடு மட்டும் எடுப்பவரிடம், கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் வாழைப்பழமும் இளநீரும் சேர்த்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். தாமிரபரணிக் கரையெங்கும் வாழை விளையும் ஊரில் அதைப் பின்பற்றுவது கடினமும் அன்று. ஆனால் ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர், குறிப்பாகச் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்த முதியவர் அல்லது ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளையும் சேர்த்து எடுப்பவர், அதே அறிவுரையைக் கேட்டு நாள்தோறும் இளநீர் குடித்தால் பொட்டாசியம் எல்லை மீறக்கூடும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படும் பாக்கெட்டுகளில் பல, பொட்டாசியம் குளோரைடு கலந்தவை. உப்பைக் குறைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அதை வாங்கிச் சமைக்கும் வீடுகளில் யாரும் இதை யோசிப்பதில்லை. கருவாட்டையும் அப்பளத்தையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் தள்ளி வைப்பதே நேரான வழி.

ஸ்பைரோனோலாக்டோன் குறித்து இன்னொரு தவறான ஒப்பீடும் உண்டு. அதைப் போட்டால் சிறுநீர் அதிகம் போவதில்லை, ஆகவே அது வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களுக்கு 25 மி.கி. அளவில் அது தரப்படுவதன் முதன்மை நோக்கம் நீரை இறக்குவது அன்று. ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் இதயத் தசைக்குச் செய்யும் கெடுதலைத் தடுப்பது. 1999இல் வெளிவந்த ரேல்ஸ் ஆய்வில், தீவிர இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடையே இம்மருந்து இறப்பு அபாயத்தைச் சுமார் 30 விழுக்காடு குறைத்தது. நீரை நன்றாக இறக்கும் ஃபுரோசெமைடு மூச்சுத் திணறலை ஆற்றுகிறதே தவிர, ஆயுளைக் கூட்டுவதாக அத்தகைய ஆய்வுச் சான்று அதற்கு இல்லை. கண்ணுக்குத் தெரியும் பலனை மட்டும் வைத்து ஒப்பிட்டால், உயிர் காக்கும் மருந்தைத்தான் முதலில் கைவிடுவோம். இதைத் தொடங்கிய முதல் வாரத்திலும் ஒரு மாதத்திலும் பொட்டாசியத்துக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். ஆண்களுக்கு மார்பகத்தில் வலியும் வீக்கமும் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்லெரினோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது.

புதியதும் விலை கூடியதும் சிறந்தது என்ற எண்ணம் டார்செமைடு விஷயத்தில் மருத்துவர்களையே நெடுங்காலம் பற்றியிருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. ஃபுரோசெமைடு குடலிலிருந்து ரத்தத்தில் சேரும் அளவு ஆளுக்கு ஆள் 10 முதல் 90 விழுக்காடு வரை மாறுகிறது. டார்செமைடோ 80 விழுக்காட்டுக்கு மேல் சீராகச் சேர்கிறது, நீண்ட நேரமும் நிற்கிறது. ஆயினும் அமெரிக்காவில் 2,859 நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான டிரான்ஸ்ஃபார்ம் ஆய்வில், இரு பிரிவிலும் சுமார் 26 விழுக்காட்டினர் இறந்தனர், வேறுபாடு இல்லை. ஃபுரோசெமைடில் நன்றாக இருப்பவரை மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. வயிறும் குடலும் வீங்கியதால் மாத்திரை உறிஞ்சப்படாமல், அளவைக் கூட்டியும் பயனில்லாதவருக்கு டார்செமைடு பொருத்தமான மாற்று. இரண்டும் ஒரே வகை என்பதால் ஒன்றாக எடுக்கத் தேவையில்லை. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் சேர்த்து விழுங்குவது மட்டும் வழக்கமாக நடக்கிறது.

மாத்திரையைப் பாதியாக உடைத்து இரு வேளையாக எடுத்தால் உடம்புக்கு இதம் என்பதும் பிழை. மடை மட்டத்துக்குக் கீழே குளத்தில் நீர் எத்தனை நாள் நின்றாலும் வாய்க்காலில் ஏறாது. அதுபோல இம்மருந்துகள் சிறுநீரகத்தில் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் வேலை தொடங்கும். நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டாம் வேளையைப் பிற்பகலில் முடித்துவிட வேண்டும், இரவில் எடுத்தால் தூக்கம் கெடும். சங்கரன்கோவிலிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறும் நாளில் வழியில் இடம் தேட முடியாது என்று மாத்திரையையே விட்டுவிடுகிறவர்கள் பலர். விடத் தேவையில்லை, வீடு திரும்பியதும் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

மெட்டோலசோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற வேறு வகை நீர் மாத்திரைகளைக் கூடுதலாகச் சேர்ப்பது பிடிவாதமான வீக்கத்துக்குச் சில நாட்களுக்கு மட்டுமே. சோடியமும் பொட்டாசியமும் வேகமாக இறங்கும் என்பதால், மீந்த மாத்திரைகளை அடுத்த முறைக்கென்று எடுத்து வைக்கக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவற்றைச் சர்க்கரை மாத்திரை என்று ஒதுக்குவது மற்றொரு தவறு. சர்க்கரை நோய் இல்லாத இதய நோயாளிக்கும் இவை பலன் தருகின்றன. சற்று நீரையும் இறக்குவதால் மற்ற நீர் மாத்திரையின் அளவைக் குறைக்க நேரலாம். திருச்செந்தூருக்கு நேர்ந்து கொண்டு கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி இருப்பவரும், வாந்தி, வயிற்றுப்போக்கில் கிடப்பவரும், சித்திரை வெயிலில் வேலை செய்து தலை சுற்றுபவரும் இவற்றையும் மற்ற நீர் மாத்திரைகளையும் வழக்கம்போல விழுங்கக் கூடாது. அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எந்த மாத்திரை கேட்கிறது என்பதைச் சிறுநீர் போகும் தடவைகளை எண்ணி அறிய முடியாது. காலையில் சிறுநீர் கழித்த பின், காப்பி குடிக்கும் முன், ஒரே எடைப்பொறியில் பார்த்து நாட்காட்டித் தாளில் எழுதும் எடையே அளவுகோல். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் காத்திருக்கக் கூடாது.

வீக்கம் இறங்காவிட்டால் காரணத்தை மற்ற மாத்திரைகளிலும் தேட வேண்டும். மூட்டு வலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்றவை உப்பைத் தேக்கி நீர் மாத்திரையை முடக்குகின்றன. எடை கூடாமல், மூச்சும் வாங்காமல், கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தால் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினைச் சந்தேகிக்கலாம், அது தானே கால்களை வீங்கச் செய்யும். அந்த வீக்கம் எந்த நீர் மாத்திரைக்கும் எளிதில் இறங்காது. அங்கே மருத்துவர் மாற்ற வேண்டியது அம்லோடிபினைத்தான்.