சதுரத்தைத் திருப்பினால் வைரமாகிவிடுமா?

பினாங்கில் என் வீட்டுக்குக் கணிதம் படிக்க வரும் பிள்ளைகள் பல்கோணத்தில் தடுமாறும்போதெல்லாம், அந்தப் பள்ளத்தைத் தோண்டியவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தானோ என்று தோன்றுகிறது.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் சதுர அட்டையைக் காட்டினேன். "சதுரம்" என்றாள். அதையே முனை கீழே வரும்படி திருப்பினேன். "இப்போது வைரம், டீச்சர்!" அவள்மேல் குற்றமில்லை. நாம் வரைந்து காட்டும் சதுரம் எப்போதும் தட்டையாகவே உட்கார்ந்திருக்கிறது. முக்கோணம் என்றால் கூரை, அறுகோணம் என்றால் தேனடை. கோணல்மாணலாக ஆறு பக்கம் வரைந்தால் அது அறுகோணமே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். முதல் நாளிலேயே படங்களைத் திருப்பியும் இழுத்தும் காட்டுங்கள். உள்ளே குழிந்தவையும் வேண்டும்: மலேசியத் தேசியக் கொடியின் 14 முனை நட்சத்திரம் 28 பக்கப் பல்கோணம். அருகிலுள்ள பிறை பல்கோணம் அல்ல. அதன் விளிம்பு வளைவு.

'நேர்கோடுகளால் ஆன வடிவம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். 'மூடிய' என்ற சொல் விடுபட்டால் 'ட' எழுத்தும் பல்கோணமாகிவிடும்.

எண்ணுவதிலும் ஒரு சிக்கல். பினாங்கின் உயரமான கொம்தார் கோபுரத்தை வட்டம் என்றே நினைக்கும் பிள்ளைகள் உண்டு. அதற்கு 12 பக்கங்கள். பன்னிரு பக்க வடிவம் ஒன்றைத் தாளில் வரைந்து எண்ணச் சொன்னால் ஒருவனுக்கு 11, இன்னொருவனுக்கு 13. தொடங்கிய முனையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதும். கோணங்களின் கூட்டுத்தொகைச் சூத்திரம் இந்த வயதில் வேண்டவே வேண்டாம்.

எனக்கு அதிகம் உறுத்துவது, 'பக்கங்கள் சமமானால் ஒழுங்குப் பல்கோணம்' என்று பாதியைச் சொல்லிக்கொடுப்பது. கோணங்களும் சமமாக வேண்டும். இதற்கு, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சிகள்தான் என் உபகரணம் (கூர்முனையை வெட்டிவிடுங்கள்). நான்கு குச்சிகளை மூலைகளில் ரப்பர் வளையத்தால் கட்டிச் சதுரமாக்கி, ஒரு மூலையைத் தள்ளச் சொன்னேன். சாய்சதுரமாகச் சரிந்தது. குச்சி அதே குச்சி, நீளம் அதே நீளம். கோணம் மட்டும் மாறிவிட்டது. மூன்று குச்சி முக்கோணமோ அசையவில்லை. சதுரத்தையும் அப்படி நிறுத்த எண்ணிய ஒரு பையன் குறுக்கே ஐந்தாவது குச்சியை வைத்தான், எட்டவில்லை. விடாமல், அது எட்டும்வரை சதுரத்தையே சரித்துக் கட்டினான். பார்த்தால், இரண்டு சமபக்க முக்கோணங்கள்!