பலகையில் 40 கி.மீ. என்றால் எதுவரைக்கும் 40?

ஊர்ப் பெயருக்கு எதிரே 40 என்று எழுதியிருக்கும். 34 கிலோமீட்டர் ஓட்டியதுமே அந்த ஊரின் பெயர்ப்பலகை வந்து நிற்கும். பலகை தப்பு என்று பலரும் முடிவு கட்டிவிடுவது இந்த இடத்தில்தான். பெயர்ப்பலகை நிற்பது ஊர் எல்லையில். தூரம் எண்ணப்படுவது ஊருக்குள் குறித்து வைத்த ஒரு புள்ளி வரைக்கும். மிச்சமிருக்கும் 6 கிலோமீட்டரும் ஊருக்குள்ளேயே ஓடித் தீரும். ஆகவே பலகை எண்ணைச் சரிபார்க்க இறங்குவோர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அந்தப் புள்ளியை.

பெரிய தலைநகரங்களில் இது ஊரறிந்த இடம். லண்டனுக்குச் சேரிங் கிராஸில் முதலாம் சார்லஸ் மன்னரின் குதிரைச் சிலை. பாரிஸுக்கு நோத்ர தாம் பேராலயத்தின் முன்வாசல் தரையில் பதித்த வட்டத் தகடு. மாட்ரிடுக்குப் புவேர்த்தா தெல் சோல் சதுக்கம், டோக்கியோவுக்கு நிஹோன்பாஷி பாலம். வாஷிங்டனில் 1923இல் வெள்ளை மாளிகைக்குத் தெற்கே ஒரு பூஜ்ய மைல்கல்லை நட்டார்கள். நாட்டின் சாலைகளையெல்லாம் அதிலிருந்து அளப்பதாகத்தான் திட்டம், அது அந்த நகரத்தைத் தாண்டவில்லை. ஒரு கல் நட்டிருக்கிறது என்பதற்காக எல்லாப் பலகைகளும் அதையே பார்க்கின்றன என்று நம்பிவிடக் கூடாது.

சிறிய ஊர்களில் நகர மன்றக் கட்டடம், தலைமை அஞ்சலகம், கடைவீதியின் நாற்சந்தி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மையமாக இருக்கும். அமெரிக்க வழிகாட்டு நெறியின்படி, தெளிவான மையப் பகுதி உள்ள ஊருக்கு அதுவரை அளக்கலாம். இல்லாத ஊருக்கு அதன் அமைப்பைப் பார்த்து அந்தந்த நிர்வாகமே முடிவு செய்துகொள்ளலாம். விதி இவ்வளவு தளர்வாக இருப்பதால், ஒரே ஊருக்கு இரண்டு துறைகள் இரண்டு மையங்களை வைத்துக்கொள்வது நடக்கிறது. புதிதாகப் பலகை எழுதுபவர் மையப் புள்ளியைத் தூர அட்டவணையில் எழுத்தாக, அட்சரேகை தீர்க்கரேகையோடு பதிந்து வைப்பது பின்னால் வரும் பாதிச் சண்டையைத் தவிர்க்கும்.

அடுத்தது, எந்தக் கோட்டின் மேல் அளப்பது. பறவை பறக்கும் நேர்க்கோட்டுக்கு இங்கே வேலையில்லை; சாலையின் மையக்கோட்டை ஒட்டித்தான் அளக்க வேண்டும், பலகை நிற்கும் இடத்திலிருந்து மையம் வரை. மேடு பள்ளத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், தேவையில்லை. 6 சதவீத ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டருக்குக் கூடுவது 1.8 மீட்டர், 10 சதவீதச் செங்குத்திலும் 5 மீட்டர்தான். மலைப்பாதை நீளமாவது வளைவுகளால்.

இன்று பெரும்பாலும் வேலை கணினியில் தொடங்குகிறது. மையக்கோடு பதிவான சாலை வரைபடத்தில் பலகை இருக்கும் புள்ளியையும் ஊர் மையத்தையும் வைத்து, வழிகாட்டிப் பலகைகள் எந்தப் பாதையில் கொண்டுபோகின்றனவோ அந்தப் பாதையின் நீளத்தை எடுக்க வேண்டும். மிகக் குறுகிய வழியை எடுக்கக் கூடாது. பலகைகள் புறவழிச்சாலையில் திருப்பிவிடும்போது, ஊரை ஊடறுக்கும் பழைய சாலையின் நீளத்தை எழுதினால் ஓட்டுநரின் கணக்கும் பலகையும் ஒத்துப்போகாது.

பிறகு வண்டியில் ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். தூரமானி பொருத்திய அளவு வண்டி என்றாலும் சக்கரச் சுற்றை எண்ணித்தான் தூரம் சொல்கிறது. ரோமானியர் காலத்து விட்ருவியஸ் விவரித்த வண்டியும் இப்படித்தான்: 400 சுற்றுக்கு ஒரு மைல், மைலுக்கு ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். அன்றும் இன்றும் பலவீனம் ஒன்றே, சக்கரத்தின் சுற்றளவு மாறினால் எல்லாம் மாறும். சாதாரணக் காரின் 632 மி.மீ. விட்டமுள்ள புது டயர் ஒரு சுற்றில் சுமார் 1.985 மீட்டர் போகிறது. தரையைத் தொடும் பட்டையின் ஆழம் 8 மி.மீ.யிலிருந்து 1.6 மி.மீ.க்குத் தேய்ந்தால் சுற்றளவு 1.945 மீட்டராகிவிடும். புது டயருக்குச் சரியாக வைத்த மீட்டர், உண்மையான 100 கிலோமீட்டரை அப்போது 102 என்று காட்டும்.

அதனால் ஓட்டத்துக்கு முன் அளவு திருத்தம் கட்டாயம். நில அளவைக் கருவியால் துல்லியமாகக் குறித்த, நேரான, சமமான 1 கிலோமீட்டர் சாலை வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரியான அளவுக்கு நிரப்பி, சில கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றிய பிறகு, அந்தத் தூரத்தை மூன்று தடவை ஓட்டுங்கள். மூன்றும் 1 மீட்டருக்குள் ஒத்துவந்தால் சராசரியை வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால், வண்டியை நிறுத்தும் இடம் கோட்டின் மேல் சரியாக விழவில்லை என்பதே வழக்கமான காரணம்.

செல்பேசியின் ஜி.பி.எஸ். பதிவை நம்புவோர் பதிவு இடைவெளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 10 நொடிக்கு ஒரு புள்ளி என்றால், மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் புள்ளிகளுக்கு நடுவே 200 மீட்டர் விழுகிறது. கொண்டை ஊசி வளைவெல்லாம் வெட்டுப்பட்டுத் தூரம் குறைந்து வரும். நேர்மாறாக, வண்டி நின்றிருக்கும்போது புள்ளி அங்குமிங்கும் அலைந்து தூரத்தைக் கூட்டும். 1 நொடி இடைவெளி வைத்து, நிற்கும் நேரத்தை நீக்கினால் போதும்.

முழு எண்ணாக்குவதில்தான் அலுவலகத் தவறுகள் அதிகம். ஒரு பாதையில் 12.4, 8.4, 15.4 கி.மீ. என்று மூன்று துண்டுகள் இருந்தால் கூட்டுத்தொகை 36.2, பலகையில் 36. ஒவ்வொன்றையும் முதலிலேயே 12, 8, 15 என்று சுருக்கிக் கூட்டினால் 35 வரும். முன்னால் உள்ள பலகையின் எண்ணிலிருந்து கழித்து அடுத்த பலகையை எழுதுவதும் இதே வகைத் தவறுதான். தசமத்தோடு அட்டவணையை வைத்துக்கொண்டு, வர்ணம் பூசும் நிலையில் மட்டும் சுருக்குங்கள். ஒருவர் அருகிலுள்ள முழு எண்ணுக்கும் இன்னொருவர் தசமத்தை வெட்டியும் எழுதினால், அடுத்தடுத்த இரு பலகைகளில் ஒரே எண் நிற்கக்கூடும்.

கிலோமீட்டர் கல்லைக் கழித்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வளைவுகளை நேராக்கிச் சாலை 700 மீட்டர் சுருங்கினால், அதற்கப்பால் உள்ள கற்களையெல்லாம் யாரும் பிடுங்கி நடுவதில்லை. விபத்துப் பதிவு, பாலங்களின் பட்டியல், பராமரிப்புக் கணக்கு எல்லாம் அந்தக் கல் எண்களில்தான் இருக்கின்றன. எனவே 52ஆம் கல்லுக்கும் 53ஆம் கல்லுக்கும் இடையே வெறும் 300 மீட்டர் இருக்கும்படி விட்டுவிடுவார்கள். கல் என்பது சாலைக்கு வீட்டு எண் மாதிரி. உங்கள் மீட்டரைச் சோதிக்கக் கற்களைப் பயன்படுத்தினால், சீரமைப்பு நடக்காத பகுதியாகப் பார்த்து, 10 கிலோமீட்டர் இடைவெளியாவது எடுங்கள்.

சாலையை அகலப்படுத்தும்போது பலகை 400 மீட்டர் தள்ளி நடப்பட்டால் எண்ணை மறுபடி கணக்கிட வேண்டும். பழைய தகட்டையே மாட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. மைலிலிருந்து மாற்றும்போதும் கவனம்: 25 மைல் என்ற பலகையை 1.609344 ஆல் பெருக்கினால் 40.2, அதாவது 40. ஆனால் அந்த 25 உண்மையில் 25.4 மைலாக இருந்திருந்தால் சரியான எண் 41. பலகையை விட்டுவிட்டு, அதன் பின்னாலுள்ள அட்டவணையை எடுத்து மாற்றுங்கள்.