தலைப்பைக் கேள்வியாக்கியதும் கட்டுரை நகர்ந்தது

வீட்டிலேயே படிக்கும் பிள்ளையின் ஆய்வுக் கட்டுரை பாதியில் நின்றுபோனால், கோளாறு பெரும்பாலும் எழுத்தில் இல்லை, தலைப்பில்தான். "தொற்றுநோய்கள்" என்று எடுத்தால் கலைக்களஞ்சியத்தைச் சுருக்கி எழுதுவதுதான் மிஞ்சும்.

எனக்குக் கைகொடுத்தது இடமும் காலமும் சேர்ந்த ஒரே கேள்வி: "1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியதற்குத் தண்ணீர் அடிகுழாயே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ எப்படிக் காட்டினார்?" இறப்புகளை அவர் வரைபடத்தில் கோடு கோடாகக் குறித்தார். குழாய்க்கு அருகிலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் எப்படித் தப்பினார்கள்? அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. இப்படிப் பிள்ளை தானே எடைபோட்டுப் பார்க்கச் சான்றுகள் கிடைக்க வேண்டும். அதுதான் நல்ல தலைப்பின் அடையாளம்.

முடிவு செய்யுமுன் ஒரு மணி நேரம் தேடவிடுங்கள். பிள்ளைக்குப் புரியும்படி 3 ஆதாரங்களாவது வேண்டும், அதில் ஒன்று அந்தக் காலத்து மூல ஆவணம். கிடைக்காவிட்டால் கேள்வியை மாற்றுங்கள், பிள்ளையை நெருக்காதீர்கள். ஒரே வரியில் பதில் முடிந்தால் அது வெறும் தகவல், ஆய்வாகாது.

வீட்டில் ஆசிரியரும் வாசகரும் அம்மாவே என்பதால் எழுத்தில் முனைப்பு குறையும். தாத்தாவோ தங்கையோ, யார் படிக்கப்போகிறார் என்பதைத் தலைப்போடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்.