கோபுர உச்சி சாகசம்: கடைசி நாள் மாலைக்கு டிக்கெட் போடாதீர்கள்

போன மாதம் ஒரு கோபுரத்தின் அடியில் வரிசையில் நின்றிருந்தேன். உச்சியில் காற்று என்று சாகசத்தை நிறுத்தியிருந்தார்கள். முன்னால் நின்ற பையன் போனில் வானிலையைத் திறந்து நண்பனிடம் காட்டினான். "காத்தே இல்லடா. சும்மா மூடி வச்சிருக்கானுங்க." வாசலில் இருந்த கொடி துவண்டு கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. பல வருடங்களுக்கு முன் இதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன், இதைவிடச் சத்தமாக.

கோபுரத்தில் ஏறி நாலு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கிய காலம் போய்விட்டது. டொராண்டோவின் சிஎன் டவரில் 2011 முதல் 356 மீட்டர் உயரத்தில், கைப்பிடியே இல்லாத ஒன்றரை மீட்டர் அகல விளிம்பில் நடக்க விடுகிறார்கள். சிகாகோவில் ஒரு கட்டடத்தின் 94ஆவது மாடிக் கண்ணாடிச் சட்டம் எட்டுப் பேரோடு 30 டிகிரி வெளியே சாய்கிறது. நியூயார்க்கின் எட்ஜ் என்ற பார்வை மாடத்தில் 2021 முதல் கட்டடத்தின் வெளிப்பக்கமாகவே ஏறலாம். இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. தொளதொள உடை வேண்டாம், செருப்பு வேண்டாம் என்பதெல்லாம் டிக்கெட்டிலேயே இருக்கும். அதை விடுகிறேன். போகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கடைசி நாள், சூரிய அஸ்தமன நேரம்

முதல் தடவை போகிறவர்களில் பாதிப் பேர் செய்வது இதுதான். ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சிகரமாக இருக்கட்டும் என்று கோபுர சாகசத்தைக் கடைசி நாளுக்கு வைப்பார்கள். அதிலும் படம் நன்றாக வருமென்று அஸ்தமன நேரம். இரவே விமானம்.

நானும் அப்படித்தான் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்தக் கோபுரம் என்பது வேண்டாம். உடை மாற்றும் அறைவரை போய்விட்டோம். ஆரஞ்சு நிற மேலுடைகள் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கின. ஏசி காற்றில் ஒரு சட்டைக் கை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பொறுப்பாளர் சுவரிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தார். உச்சியில் இருக்கும் காற்றுமானியின் எண் அது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இருபது நிமிடம் காக்க வைத்துவிட்டு, "இன்று முடியாது" என்றார்.

கீழே இலை அசையவில்லை என்று சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக, "நாளை காலை இடம் தருகிறேன்" என்றார். நாளை காலை நாங்கள் வேறு நாட்டில் இருப்போம். பணம்? அவர்கள் மூடினால் வேறு நேரம் தரப்படும் என்றுதான் விதிமுறையில் இருந்தது. திருப்பித் தருவதாக எங்கேயும் இல்லை. பதினோரு பேருக்கும் என் கையிலிருந்து கொடுத்தேன். பணம் போனதைவிட, அந்த மனிதரிடம் கத்தியதுதான் இன்றும் உறுத்துகிறது. அவர் சொன்னது அத்தனையும் சரி.

போனில் வரும் காற்று வேகம் பெரும்பாலும் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கான கணக்கு. திறந்த வெளியிலேயே 400 மீட்டர் உயரத்தில் அது சுமார் 1.7 மடங்கு ஆகிவிடும். நகரத்தில் கீழே கட்டடங்கள் காற்றைத் தடுத்துப் பிடிப்பதால் வித்தியாசம் இன்னும் கூடும். உடம்பைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 1.7 மடங்கு வேகம் என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு தள்ளு. கயிற்றில் தொங்குகிறவரைச் சுவரில் மோதவிட அது போதும்.

அஸ்தமன நேரத்தில் இன்னொரு வம்பு உண்டு. பொழுது சாயும்போது தரை குளிர்கிறது, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அப்படியே படுத்துவிடுகிறது. மேலே ஓடும் காற்றுக்கு அதுவரை இருந்த தரையின் இழுவை விட்டுப்போகிறது, அதனால் வேகம் பிடிக்கிறது. கொடி துவண்டு கிடக்கும் அதே நேரத்தில் உச்சியில் ஊதித் தள்ளலாம். வெயில் காலத்து இடிமழையும் பெரும்பாலும் பிற்பகலுக்குமேல்தான் கட்டும். தூறலுக்கு விட்டாலும் மின்னலுக்கு யாரும் விடமாட்டார்கள். போதாததற்கு, அஸ்தமன இடங்கள்தான் முதலில் விற்றுத் தீரும். ஒருநாள் தள்ளிப்போனால் மறுநாள் அதே நேரத்தில் காலி இருக்காது.

ஆகவே ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலைக்குப் போடுங்கள். மூடினாலும் கையில் நாட்கள் மிச்சமிருக்கும். அஸ்தமனப் படம் வேண்டுமா, சாதாரணப் பார்வை மாடத்துக்கு மாலையில் தனியாக ஒருமுறை போய்க்கொள்ளலாம். பணம் கட்டும் முன் விதிமுறையில் தேட வேண்டிய வரி ஒன்றே ஒன்று: அவர்கள் ரத்து செய்தால் பணம் வருமா, நேரம் மட்டும் மாறுமா?

இவ்வளவு சொல்லியும், "எங்களுக்குக் கடைசி நாள்தான் சார் வசதி" என்பார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கம்பி வேறு, ரப்பர் வேறு

"குதிப்பது" என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்து டிக்கெட் எடுப்பது. ஆக்லாந்து ஸ்கை டவரில் 192 மீட்டரிலிருந்து குதிப்பது கம்பி வழி, அதாவது கம்பியில் மாட்டி நேராகக் கீழே இறக்குவது. மணிக்கு 85 கிலோமீட்டர்வரை போனாலும் முடிவில் வேகத்தைக் குறைத்துக் காலால் இறக்கிவிடும், 11 வினாடியில் முடிந்தது. மக்காவ் டவரில் 233 மீட்டரிலிருந்து குதிப்பது பங்கி, அதாவது காலில் ரப்பர் கயிறு கட்டிக் குதிப்பது. தலைகீழாக விழுந்து, ரப்பர் இழுத்து, மறுபடி மேலே போய் வருவீர்கள். முதுகிலும் கண்ணிலும் சிக்கல் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. டாக்டரிடம் "குதிக்கலாமா" என்று மட்டும் கேட்காமல் எந்த வகை என்று சொல்லிக் கேளுங்கள்.

எடை

மேல் வரம்பு மட்டுமில்லை, கீழ் வரம்பும் உண்டு. தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள், வாய்ப் பேச்சு செல்லாது.

போன்

வாங்கி வைத்துவிடுவார்கள்.

கண்ணாடித் தரையில் குதித்துப் பார்ப்பது

சிகாகோ வில்லிஸ் டவரின் 103ஆவது மாடியில், 412 மீட்டர் உயரத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிகள் உண்டு. 2014இல் ஒரு குடும்பம் உள்ளே நின்றபோது காலடியில் விரிசல் ஓடியது. விரிந்தது மேலே இருந்த பாதுகாப்புப் பூச்சு மட்டும்தான், கீழே மூன்று அடுக்குக் கண்ணாடி முழுசாக இருந்தது. அந்தப் பூச்சு உடைவதற்கென்றே போட்டது, நம் கார் கண்ணாடியில் ஒட்டும் படலம் கீறலை வாங்கிக்கொள்வதுபோல.

அதனால் குதித்தால் கண்ணாடி உடையும் என்று பயப்பட வேண்டாம். பக்கத்தில் நிற்கிறவர் யாரென்று பாருங்கள். ஏற்கெனவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர் உங்கள் ஒரு குதியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார். அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்த அனுபவம் எனக்கு மூன்று முறை.

விளிம்பில் பயம் வந்தால் மறைப்பது

எங்கள் குழுவில் வாட்டசாட்டமான ஒருவர், கதவு திறந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கேட்டால் "ஒன்றுமில்லை" என்றார். கயிறு மேலே தண்டவாளத்தில் மாட்டப்பட்டிருக்கிறது, தவறி விழ வழியில்லை. ஆனால் வரிசை ஒரே கோர்வையாக நகரும். நடுவில் ஒருவர் உறைந்து நின்றால் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் காற்றில் நிற்க வேண்டியதுதான். அன்று நின்றோம், நெடுநேரம்.

கதவுக்கு உள்ளே இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். கேலி எதுவும் இல்லாமல் இறக்கிவிடுவார்கள். பணம் வராது.