சுறாப்பல்லா, ஜிப்சமா? நகத்தால் கீறுங்கள்

பெரம்பலூர் காரைப் பக்கக் களிமண்ணில் புதைபடிவச் சுறாப்பல் தேடும்போது பளபளப்பாக ஏதாவது தென்பட்டால், முதலில் நகத்தால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் ஜிப்சம் என்ற மெதுவான கனிமம், போட்டுவிட்டு நடக்கலாம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் ஜிப்சத்தின் கடினம் 2, நகம் அதைவிடச் சற்று அதிகம். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலச் சுறாப்பல்லின் மேற்பூச்சோ அபடைட் என்ற கனிமம், கடினம் ஏறக்குறைய 5. நகம் வழுக்கிக்கொண்டு போகும். வேர்ப்பக்கத்தைக் கீறாதீர்கள், உதிர்ந்துவிடலாம். கோடு விழாததெல்லாம் பல் என்றும் குதிக்க வேண்டாம். கால்சைட் என்ற கனிமம், சிப்பி ஓடுகூட நகத்துக்கு மசியாது. அங்கே வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர் வயல்களில் இந்த வித்தைக்கு வேலையே இல்லை. நம் டெல்டாவில் மேலே கிடப்பது காவிரி கொண்டுவந்த புது வண்டல். கொள்ளிடம் தாண்டி வடக்கே போனால்தான் இந்தப் பற்கள் உண்டு. எடுத்து வருமுன் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.