கடவுச்சொல்லை மாற்றியும் மறைந்த மின்னஞ்சல்கள்

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் விற்கும் எங்கள் நிறுவனத்தின் கணக்காளர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். அவருக்குப் பணம் தொடர்பான மின்னஞ்சல்கள் மட்டும் வந்து சேரவில்லை. மற்றவை ஒழுங்காக வந்தன. அவர் வீட்டு ரூட்டரை மாற்றினோம், மடிக்கணினியில் வைரஸ் சோதனை நடத்தினோம், கடவுச்சொல்லையும் மாற்றினோம். பயனில்லை.

காரணம், அவுட்லுக் மின்னஞ்சல் செயலியில் வரும் அஞ்சல்களைத் தானாகக் கையாளும் ‘விதிகள்’ பகுதியில் இருந்தது. வெறும் ஒரு புள்ளியையே பெயராகக் கொண்டிருந்ததால் கண்ணில் படாத ஒரு விதி, ‘இன்வாய்ஸ்’, ‘பேமன்ட்’ என்னும் சொற்கள் உள்ள அஞ்சல்களைப் படித்தவையாகக் குறித்து, இணையதளச் செய்தி ஓடைகளுக்கான, யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் கோப்புறைக்கு நகர்த்திக்கொண்டிருந்தது. அவர் மின்னஞ்சல் கணக்கில் ஊடுருவியவர் வைத்த இவ்விதி கணினியில் அன்றி அஞ்சல் சேவையகத்தில் இருப்பதால், வைரஸ் சோதனையில் அகப்படாது. கடவுச்சொல் மாற்றத்தாலும் அழியாது.

விதியை நீக்கி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, கடவுச்சொல்லை மீண்டும் மாற்றி, இரு படிச் சரிபார்ப்பை இயக்கிய பின்னரே அஞ்சல்கள் வரத் தொடங்கின; பெரும் நிம்மதி. ஊடுருவியவர் போலி அஞ்சல் அனுப்பியிருக்கக்கூடும் என்பதால், வங்கிக் கணக்கு எண் மாறியதாக எங்கள் பெயரில் எது வந்தாலும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுமாறும், பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதமின்றி 997 என்னும் மோசடிப் புகார் எண்ணை அழைக்குமாறும் வாடிக்கையாளர்களிடம் கூறியுள்ளோம்.