காலைப் புகையைப் பார்த்ததும் இன்ஜினை இறக்காதீர்கள்

பட்டறைக்குத் தொழில் பழக வரும் பையன்கள், பழைய காரின் பின்னால் புகையைக் கண்டதுமே ஸ்பேனரைத் தேடுகிறார்கள். நிறத்தை மட்டும் பார்த்து என்ன செய்வது? எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா? இதில் நடக்கும் தவறுகளும், முதலில் பார்க்க வேண்டியவையும் இதோ.

சூடான வண்டியைச் சோதிப்பது

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓட்டி வந்த காரில் காலைப் புகையைத் தேடி என்ன பயன்? இரவு முழுக்கப் பட்டறையில் நிற்கட்டும். விடிந்ததும் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள்.

நீலப் புகை என்றாலே போர் (சிலிண்டர் துளை) வேலை

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மாருதி 800. காலையில் குப்பென்று நீலப் புகை. அரை நிமிடத்தில் அடங்கிவிடும். வேறொரு பட்டறையில் பிஸ்டன், அதைச் சுற்றிய ரிங், போர் எல்லாம் செய்து பெரிய பில்லை நீட்டியிருக்கிறார்கள். மறுவாரமே அதே புகை. சிலிண்டருக்கு மேலுள்ள ஹெட்டைத் திறந்து பார்த்தால், ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல்கள் பழையவை, கல்லாக இறுகிக் கிடந்தன!

சீல் இறுகினால், ஹெட்டில் தேங்கிய ஆயில் இரவில் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) வழியாகச் சிலிண்டருக்குள் கசிந்து இறங்கும். காலையில் அது எரிந்து தீர்ந்ததும் புகை நின்றுவிடும். ரிங் தேய்ந்தால் அப்படி நிற்காது. ஏற்றத்தில் இழுக்கும்போது கூடும், ஆயில் மூடியைத் திறந்தால் காற்றடிக்கும். காரையாற்றிலிருந்து பாபநாசத்துக்குக் கியரிலேயே இறங்கி, கீழே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நீலமாக ஒரு வீச்சு வந்தால், சீலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அப்போதும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பாருங்கள். குறைவாக இருந்தால் ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட். முதலிலேயே சரியாக இருந்தால் போரைத் தொடாதீர்கள். பல பெட்ரோல் இன்ஜின்களில், பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிக்கொண்டு, ஹெட்டைக் கழற்றாமலே சீலை மாற்றிவிடலாம்.

கெட்டி ஆயில் ஊற்றிச் சமாளிப்பது

புகை குறையும். சீல் குணமாகாது.

வெள்ளைப் புகைக்கு இனிப்பு வாசனை தேடுவது

மார்கழிக் காலையில் வரும் வெள்ளை, பெரும்பாலும் வெறும் நீராவி. சைலன்சர் சூடானதும் மறைந்துவிடும். மறையாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். இனிப்பு வாசனை கூலன்ட்டுக்குத்தான் உண்டு. நம் பக்கத்துப் பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பதோ தாமிரபரணித் தண்ணீர். மூக்கை நம்பாமல், இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டரில் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

கறுப்புப் புகை

கார்புரேட்டர் வண்டியா? முதலில், காற்றைக் குறைக்கும் சோக்கை உள்ளே தள்ளுங்கள்.

டீசல் அம்பாசிடர்

காலையில் கண்ணெரியும் வெள்ளைப் புகை, பலமுறை சுற்றினால்தான் பிடிக்கிறது என்றால், டீசல் பம்பில் கை வைக்கும் முன், ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள்.